கோத்தகிரியின் ஒற்றையடிப் பாதைகளும் எங்கள் சைக்கிள் குழுவும்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளில் மவுண்டன் பைக் ஓட்டும் குழு ஒன்றில் நான் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சேர விரும்பி முதன்முதலில் பேசியபோது, குழுவை ஒருங்கிணைக்கும் அண்ணன் நான் எந்த சைக்கிள் வைத்திருக்கிறேன், எவ்வளவு தூரம் ஓட்டுவேன் என்றெல்லாம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதை வேலைக்கு வர முடியுமா என்று மட்டுமே கேட்டார். வேலைக்கு வர இயலாதவர்கள் ஓட்டவும் வர வேண்டாம் என்பதையும் அவர் மென்மையாக, ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார். அந்த நிபந்தனை முற்றிலும் நியாயமானது என்று நான் நம்புகிறேன். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கங்களில் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் என் கண்ணெதிரே பெருகி வருகிறார்கள். சைக்கிளைப் பற்றியும் இறக்கத்தின் வேகத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். சக்கரத்தின் அடியில் கிடக்கும் பாதை யாருடையது, அது எப்படிக் கெடுகிறது, யார் அதைப் பேணுவது என்ற பேச்சை மட்டும் அதிகம் கேட்க முடிவதில்லை.

எங்கள் ஊர் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், பள்ளத்தில் ஓடை, ஓடையை ஒட்டி மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டு, எதிர்ச்சரிவில் ஹட்டி எனப்படும் படகர் ஊர் ஒன்று என்றுதான் நிலம் விரியும். தார்ச்சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒற்றையடிப் பாதை குறுக்கே இறங்கி ஏறிவிடுகிறது. ஹட்டியிலிருந்து கொழுந்து பறிக்கப் போகவும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து ரேஷன் கடைக்குப் போகவும், பிள்ளைகள் பேருந்து நிற்குமிடத்துக்கு ஓடவும், பண்டிகை நாளில் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகவும் என்று இங்குள்ள ஒவ்வொரு பாதைக்கும் ஒரு காரணம் உண்டு. நாங்கள் ஓட்டும் பாதைகளில் ஒன்றுகூட சைக்கிளுக்காகப் போடப்பட்டதில்லை. இதை மறக்காமல் இருப்பதுதான் எங்கள் குழுவின் முதல் ஒழுக்கம்.

ஆங்கிலேயர் நீலகிரிக்குப் போட்ட தொடக்ககாலப் பாதையும் இந்தப் பக்கத்தில்தான் ஏறியது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் அரசின் ஒப்புதலைப் பெற்று, சமவெளியிலுள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டி வரை குதிரையும் பல்லக்கும் ஏறக்கூடிய பாதை ஒன்றை வெட்டச் செய்தார். 1823இல் அது முடிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் குன்னூர் வழியாக வேறொரு பாதை திறக்கப்பட்டதும், போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்கெல்லாம் முன்பிருந்தே படகரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் இந்த மலைகளில் நடந்து போட்ட தடங்கள் இருந்தன. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தவை.

எங்கே ஓட்டலாம் என்பதில் எங்களுக்குக் கண்டிப்பான எல்லை உண்டு. அனுமதி கொடுத்த தேயிலைத் தோட்டங்களின் உள்பாதைகளிலும், ஊர்ப் பொதுவழிகளிலும் மட்டுமே ஓட்டுகிறோம். ஊர்வழி என்றால் அந்த ஹட்டியின் பெரியவர்களிடம் முதலில் கேட்கிறோம். காப்புக்காட்டுக்குள் சக்கரம் வைப்பதில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024இல் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 வழித்தடங்களைத் திறந்தபோதும் அவை வழிகாட்டியுடன் நடப்பவர்களுக்காகவே திறக்கப்பட்டன. கோத்தகிரியை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ளது; பல ஊர்களுக்குக் குடிநீர் தரும் அந்தச் சோலை 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மரநிழலில் ஒரு தடம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்படாத சைக்கிள்காரர் இருக்க முடியாது. ஆனால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

பாதை வேலையை எங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். சிறுவனாக வந்து, இந்தச் சரிவுகளிலேயே கவாத்து வெட்டியும் கான் வெட்டியும் முதுமையடைந்தவர். தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே எடுக்கும் வடிகாலைத்தான் கான் என்பார்கள். மேலிருந்து வரும் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு பாயாமல் கானில் இறங்கி, இடையிடையே உள்ள குழிகளில் வண்டலை விட்டுவிட்டு, வேகம் அடங்கி ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும். நூறாண்டு கடந்த தேயிலைச் செடிகள் இன்றும் சரிவில் வேரோடு நிற்கின்றன என்றால், அதற்குக் கான் வெட்டியவர்களின் கை வேலை ஒரு முக்கியக் காரணம். அந்த அறிவைத்தான் அவர் எங்கள் பாதைகளுக்குக் கொண்டு வந்தார்.

நான் முதலில் வேலை செய்த இடம் தேயிலைக்கு நடுவே நேர்க்குத்தாக இறங்கும் ஒரு பாதை. பல தலைமுறைக் கால்கள் அழுத்திய தடத்தில் மழைநீர் இறங்கி இறங்கி, அதை முழங்கால் ஆழப் பள்ளமாக்கியிருந்தது. இரு கரையிலும் தேயிலை வேர்கள் மண்ணை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அடியில் மண் போய்ச் சரளையும் உருளைக் கற்களும்தான் மிஞ்சியிருந்தன. பள்ளத்துக்குள் கால் வைக்க முடியாததால், கொழுந்து மூட்டையோடு வருகிறவர்கள் அதன் ஓரமாகவே இரண்டாவதாக ஒரு தடம் போட்டிருந்தார்கள். அதிலும் அரிப்பு தொடங்கியிருந்தது. வந்திருந்தவர்களில் சிலர் கல்லையும் மண்ணையும் கொட்டிப் பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்றார்கள். பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு கேன் தண்ணீரை எடுத்துவரச் சொல்லி, பாதையின் மேல்முனையில் நின்று மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் ஒரு பக்கமும் விலகாமல் பாதையின் நடுவிலேயே இறங்கியது. இறங்க இறங்க நிறம் மாறிச் செம்மண் குழம்பாகி, சின்னச் சின்னச் சரளைகளை உருட்டிக்கொண்டு எங்கள் காலடியைத் தாண்டிப் போயிற்று.

“மண்ணைப் போட்டு ரொப்புனா அடுத்த மழைக்கு அது ஓடையில கெடக்கும். தண்ணிய மறிக்காத புள்ள, சாய்ச்சு விடு,” என்றார் என்னிடம்.

சாய்த்து விடுவது என்றால் என்ன என்பது அன்று மாலைக்குள் கைக்குப் புரிந்துவிட்டது. நேர்க்குத்தாக இறங்கும் பாதையைக் கைவிட்டு, அதே இரண்டு முனைகளையும் இணைக்கும் புதிய பாதையைச் சரிவின் குறுக்காக, மெல்ல இறங்கும்படி எடுக்க வேண்டும். தேயிலை வரிசைகளுக்கு இடையே அதற்கு எங்கே இடம் விடலாம் என்பதைத் தோட்டத்தாரே காட்டினார்கள். மட்டம் பிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை: இரண்டு கம்புகளைத் தலைப்பில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பை வைத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு கால்களும் சம மட்டத்தில் இருக்கும்போது நூல் குறுக்குக் கம்பில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து நூல் எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு இறக்கத்தைக் கணிக்கிறோம். ஒருவர் கம்பைப் பிடித்து நகர்த்த, இன்னொருவர் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போக, ஒரு சரிவின் முழுப் பாதையும் குச்சிகளின் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் அந்த நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இறக்கம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உலகெங்கும் பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் ஓர் அளவு உண்டு. மவுண்டன் பைக் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் உருவான விளையாட்டு. ஆட்கள் பெருகியதும் நடப்பவர்களோடு உரசல் வந்து, பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் 1988இல் அங்குள்ள குழுக்கள் சேர்ந்து சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தைத் தொடங்கின. பாதை வேலையைச் சைக்கிள்காரர்களின் கடமையாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது பரப்பிய விதி எளிமையானது: மலைச்சரிவு எத்தனை விழுக்காடோ அதில் பாதிக்கு மேல் பாதையின் இறக்கம் போகக் கூடாது; பாதை முழுவதற்குமான சராசரி பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சரிவு 30 விழுக்காடு, அதாவது நூறு மீட்டருக்கு 30 மீட்டர் இறக்கம் என்றால், பாதை 15-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குப் பாதையைக் குறுக்கே கடந்து போவதைவிடப் பாதையிலேயே இறங்குவது சுலபமாகிவிடுகிறது. அங்கிருந்து பாதை ஓடையாகிறது. இந்த விதியை நான் பெரியவரிடம் சொன்னபோது, தோட்டத்தில் பாதை எடுக்கும்போது மேஸ்திரிமார் கண் மதிப்பில் அதைத்தான் பார்ப்பார்கள் என்றார்.

புதிய பாதையை அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் எடுப்பதில்லை. சரிவுக்குள் வெட்டி எடுத்த கெட்டியான தரையில்தான் கால் பட வேண்டும். வெட்டிய மண்ணை ஓரத்தில் குவித்து அதன்மேல் பாதையை நீட்டினால் முதல் மழையிலேயே அது வாய் பிளந்துவிடும். பாதையின் மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்: அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு மூன்று சென்டிமீட்டர் சாய்வு போதும், நடப்பவருக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இதோடு பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை பாதையைச் சிறிது மேலேற்றி மீண்டும் இறக்குகிறோம். அப்படி ஏறத் தொடங்குமிடத்தில் உண்டாகும் தாழ்வில், கீழ்ப்புறமாக ஓர் அகன்ற வாயைத் திறந்துவிடுகிறோம். சாய்வுக்குத் தப்பி வரும் தண்ணீர் அந்த வாயில் வெளியேறித் தேயிலைக்குள் பரவி ஊறிவிடும். சைக்கிளில் வருகிறவருக்கு அந்த ஏற்ற இறக்கம் அலை மேல் போவதுபோல் ஓர் இன்பத்தைக் கொடுக்கிறது என்பது இந்த வேலைக்குக் கிடைக்கும் உபரிப் பரிசு.

பழைய பள்ளத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. விட்டால் மழை அதைத் தேடிப் போகும். ஒவ்வொரு சில அடிக்கும் குறுக்கே பெரிய கற்களை நட்டு, இடைவெளிகளைக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளால் நிரப்பினோம். ஒரு பருவமழை கடந்ததும் கற்களுக்குப் பின்னால் வண்டல் தங்கி, அதில் புல் முளைத்துவிட்டது. வெளியே நீட்டியிருந்த வேர்களில் பாதி மண்ணுக்குள் போய்விட்டன. தோட்டத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கும் அனுமதி கொடுத்தார்.

புதுப்பாதை வெட்டுவதைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். உண்மையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பகுதி அடைத்துக்கொண்ட வாய்களைத் திறப்பதில்தான் கழிகிறது. சில்வர் ஓக் இலை உதிர்ந்து, நனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டால் தண்ணீர் புகாத அடுக்காகிவிடும். அதன் பின்னால் வண்டல் தேங்கும். இரண்டு மழைக்குள் வாய் மேடாகிவிடும். தண்ணீர் மறுபடியும் பாதைக்குத் திரும்பிவிடும். மண்வெட்டியின் அகலத்துக்கு நான்கைந்து இழுப்பு இழுத்தால் தீரக்கூடிய வேலைதான். அதைச் சரியான மாதத்தில் செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு நாள் முழுக்கக் கடப்பாரை பிடிக்க வேண்டியிருக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பதால், செப்டம்பரில் எல்லா வாய்களையும் திறந்து முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அவலாஞ்சி, கூடலூர் பக்கத்து நண்பர்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலேயே அதே வேலையை முடிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை அவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் நாங்கள் மண் பாதையில் ஓட்டுவதில்லை. இங்குள்ள செம்மண்ணில் களிப்பு அதிகம். நனைந்தால் பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்து சக்கரத்தின் தடத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். கால்தடம் தனித்தனிக் குழியாக விழும். சக்கரத்தடம் தொடர்ச்சியான வாய்க்காலாக விழும். அடுத்த மழை அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஓட்டலாமா கூடாதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சுலபமான வழி இருக்கிறது: பாதையின் நிழல் விழும் இடத்தில் ஒருமுறை மிதித்துப் பார்ப்போம். செருப்பின் அச்சு ஆழமாகப் பதிந்தால் அன்று தார்ச்சாலைதான்.

இதைக் கடைப்பிடிக்காதவர்கள் வந்துபோன ஒரு நவம்பரின் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சமவெளியிலிருந்து வந்த ஒரு கூட்டம், யாரிடமும் கேட்காமல், மூன்று நாள் மழை விட்ட மறுநாள் காலையில் ஹட்டி ஒன்றின் பொதுவழியில் வரிசையாக இறங்கியது. திருப்பங்களில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கியிருக்கிறார்கள். நாங்கள் திறந்துவைத்த வாய்களின் ஓரங்கள் எல்லாம் நொறுங்கிவிட்டன. அன்று மாலையே மறுபடியும் மழை. அடுத்த நாள் அந்த வழியாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் சேற்றில் விழுந்து எழுந்துதான் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் இனி எந்த சைக்கிளும் இந்த வழியில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. நாங்கள் வாதாடப் போகவில்லை. மண் காய்ந்ததும் கருவிகளோடு போய்ப் பாதையைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தோம், ஓட்டவில்லை. அடுத்த கோடையில் அவர்களாகவே கூப்பிட்டு, வழக்கம்போல் வரலாம் என்றார்கள். அன்று எங்களுக்கு அந்த ஊரில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கிடைத்தன.

சைக்கிளால் பாதைக்கு அதிகக் கேடு இல்லை என்று சொல்லும் ஆய்வுகள் இருப்பது எனக்குத் தெரியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து இலையுதிர் காட்டில் நடத்தி 2001இல் வெளியான ஆய்வு, மண்ணுக்கும் செடிகளுக்கும் நடப்பவர்கள் உண்டாக்கும் பாதிப்புக்கும் சைக்கிள் உண்டாக்கும் பாதிப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த முடிவை எடுத்துவந்து, செங்குத்தான செம்மண் சரிவில், பருவமழைக்கு நடுவில், சறுக்கி இறங்குவதற்குச் சான்றாகக் காட்டுவதை ஏற்க முடியாது. இந்த மலைக்கு எது பொருந்தும் என்பதை இந்த மலையின் மழையும் மண்ணும்தான் சொல்ல வேண்டும்.

மண்வெட்டி பிடிக்கத் தொடங்கிய பிறகு என் சைக்கிள் ஓட்டமும் மாறிவிட்டது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புகிறேன். ஏனென்றால் திருப்பத்தின் நடுவே பிரேக்கை அழுத்தினால் உரியும் மண் யார் சட்டியில் சுமந்து வந்து போட்ட மண் என்று எனக்குத் தெரியும். டயரில் காற்றை அளவாகக் குறைத்து வைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும், சறுக்கல் குறையும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளும் நல்ல டிஸ்க் பிரேக்கும் இந்தப் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும். லட்சக்கணக்கில் விலையுள்ள சைக்கிள் இல்லாமல் குழுவில் சேரத் தயங்குகிறவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

எதிரே நடந்து வருகிறவருக்கே பாதை. இதில் விதிவிலக்கு கிடையாது. தலையில் கொழுந்து மூட்டையோ விறகோ சுமந்து வருகிறவர் நின்று ஒதுங்குவது எளிதல்ல. ஆகவே தூரத்தில் பார்த்ததுமே இறங்கி, சைக்கிளைப் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கத்தை அவர்களுக்கு விடுகிறோம். புதிதாக எடுத்த பாதையில் அப்படி ஒருமுறை ஒதுங்கி நின்றபோது, மூட்டையோடு வந்த ஓர் அம்மா நின்று காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “முன்னெல்லாம் இந்த எடத்துல மூட்டையோட சறுக்கும் கண்ணு, இப்ப கால் நிக்குது,” என்று சொல்லிவிட்டு நடந்தார். இந்தக் குழுவில் சேர்ந்ததற்காக நான் அடைந்த மகிழ்ச்சிகளில் அதற்கு இணையாக எந்த இறக்கத்தையும் என்னால் சொல்ல முடியாது.

விலங்குகளுக்கும் அதே மரியாதை உண்டு. கோத்தகிரித் தேயிலைக்குள் காட்டுமாடு மேய்வதும் கரடி நடமாடுவதும் அன்றாடக் காட்சி. சைக்கிள் ஓசையின்றி வேகமாக வரும் வண்டி என்பதால், நடப்பவரைவிட நம்மால்தான் அவை திடீரென்று மிரளக்கூடும். ஹேண்டில்பாரில் மாட்டுமணி ஒன்றைக் கட்டி ஓட்டுகிறோம். விடியலிலும் அந்தி நேரத்திலும் தேயிலைக்குள் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில் குரல் கொடுக்காமல் நுழைவதில்லை. காட்டுமாடு பாதையில் நின்றால் அது போகும் வரை காத்திருக்கிறோம், அல்லது வந்த வழியே திரும்புகிறோம்.

வெட்டலாம் என்று எங்களுக்கு உரிமையுள்ளது மிகக் குறைவு. பாதையை மூடும் உண்ணிச்செடியை அரிவாளால் கழிக்கிறோம். விழுந்து கிடக்கும் கிளையை ஓரமாக இழுத்துப் போடுகிறோம். சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வெளியிலிருந்து வந்து புல்வெளிகளை விழுங்கியவை என்றாலும், நாங்களாக ஒரு மரத்தில் கை வைப்பதில்லை. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். மரத்தின் வேர் பாதையில் குறுக்கிட்டால் வேரை வெட்டாமல் பாதையைத்தான் வளைக்கிறோம். இதில் எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களைக் கண்ட எவரும் சரிவில் ஒரு கடப்பாரையை இறக்குமுன் இரண்டு முறை யோசிப்பார்கள். செங்குத்தாக வெட்டிய முகமும், வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீரும் இந்த மலையில் உயிரோடு விளையாடும் காரியங்கள். ஆகவே எங்கள் வெட்டு ஒடுக்கமாக இருக்கிறது. மேற்புறத்தை நிமிர்ந்து நிற்கவிடாமல் சரித்து விடுகிறோம். ஊற்றுக்கசிவு தெரியும் இடத்தில் வேலையே தொடங்குவதில்லை.

வேலைக்கு வருகிறவர்கள் கலவையானவர்கள். கடைவீதியில் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணன், பள்ளி ஆசிரியை ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து நேராக வரும் இளைஞர்கள், ஹட்டிகளிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது மட்டும் வரும் பெங்களூர் வேலைக்காரர்கள். ஒரு பெண்ணாக இந்தப் பாதைகளில் தனியே ஓட்ட எனக்கு முன்பு தயக்கம் இருந்தது. இப்போது வழியிலுள்ள ஒவ்வொரு லைன் வீட்டிலும் என்னைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நான் வரத் தாமதமானால் விசாரிக்கிறார்கள். சைக்கிள் ஓட்டி மட்டும் அந்த அறிமுகம் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

வருகிற ஜனவரியில் மழை ஓய்ந்ததும் எடுக்க வேண்டிய வேலை, அந்தத் தேயிலைப் பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் இருக்கிறது. இப்போது அங்கே எல்லோரும் சேற்றில் இறங்கித்தான் ஏறுகிறார்கள். நடப்பவர்களும் சைக்கிள்களும் சேர்ந்து கரையை ஆண்டுக்கு ஆண்டு அகலமாக்கிக்கொண்டிருக்கிறோம். இரு கரையிலும் கல் பாவி, கடக்குமிடத்தை ஒரே இடமாகக் குறுக்க வேண்டும். தோட்டத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கல் மேல்சரிவில் பழைய கட்டு ஒன்றின் அருகே கிடக்கிறது, அதைக் கீழே கொண்டுவரத்தான் கைகள் தேவை. பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி அதிகம் என்பதால் அவரைத் தார்ச்சாலை வரை ஜீப்பில் அழைத்துவந்து, அங்கிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போகத் திட்டமிட்டிருக்கிறோம். எந்தக் கல்லை எந்தப் பக்கம் வைத்து நடுவது என்று அவர் சொல்லாமல் அந்தக் கரையில் நாங்கள் கை வைக்கப் போவதில்லை. சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம். கருவிகள் எங்களிடம் இருக்கின்றன; அடிப்பகுதி வழுக்காத காலணியும், தடித்த கையுறையும், ஓடையோரம் அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால் போதும்.